பிறர் காலம் கவராமை

பிறர் பொருளைக் கவர்தல் தீது என்பதில் எந்த நாட்டு அறநெறியும் மாறுபடவில்லை. வரப்பை நகர்த்தி அயலார் நிலத்தில் ஒரு முழத்தைச் சேர்த்துக்கொள்பவனை ஊர் அறியும். எடையைக் குறைத்து நிறுப்பவனை அங்காடி அறியும். ஆயினும், ஒருவர் தம் உழைப்பின் பயனைத் துய்க்க வேண்டிய ஆண்டுகளை, ஆற்றல் மிக்க மற்றொருவர் தவணை கேட்டும் மறுமொழி தராதிருந்தும் வழக்கை நீட்டியும் கழியச் செய்வாரானால், அதைக் களவு என்று சொல்ல ஊரும் தயங்குகிறது, சட்டமும் தயங்குகிறது. எடுத்த பொருள் எதுவும் எடுத்தவர் கையில் இல்லை. பூட்டு எதுவும் உடைபடவில்லை. நடந்தவை எல்லாம் முறைப்படியே நடந்திருக்கின்றன. எதை இழந்தோம் என்பது இழந்தவருக்கு மட்டுமே தெரியும், அதுவும் இழந்து முடித்த பிறகு.

இத்தீமை எல்லாத் தொழிலிலும் உண்டு. என்றாலும் புதியன புனையும் தொழில்நுட்ப உலகில் அது வேறெங்கும் காணாத கூர்மையைப் பெறுகிறது. ஏனெனில் அங்கே புனைந்தவருக்குச் சமுதாயம் அளிக்கும் கைம்மாறே காலத்தால் ஆனது. காப்புரிமை என்பது ஓர் உடன்பாடு. தாம் கண்டறிந்ததை மறைத்து வைக்காமல், அத்துறையில் பயின்ற எவரும் செய்து பார்க்கும் அளவுக்கு விளக்கி எழுதி அரசிடம் ஒப்படைக்கிறார் புனைந்தவர். அதற்கு ஈடாக, குறித்த ஆண்டுகள் வரை அவருடைய இசைவின்றி யாரும் அதைச் செய்யவும் விற்கவும் கூடாது என்று அரசு காவல் நிற்கிறது. அந்த ஆண்டுகள் கழிந்ததும் அவ்வறிவு எல்லார்க்கும் பொது. இந்தியாவில் இன்று அக்காலம் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. அமெரிக்காவில் சென்ற நூற்றாண்டின் பெரும்பகுதியில் உரிமை வழங்கிய நாளிலிருந்து 17 ஆண்டு. நீதிபதி இராசகோபால அய்யங்கார் 1959இல் அளித்த அறிக்கையை அடித்தளமாகக் கொண்டு எழுந்த நம் 1970ஆம் ஆண்டுச் சட்டமோ, உணவுக்கும் மருந்துக்கும் உரிய செய்முறைகளுக்கு ஏழாண்டுக்கு மேல் தரவில்லை. புனைந்தவருக்குப் பட்டம் சூட்டுவதற்காக அன்று, நாட்டில் தொழில் வேரூன்றுவதற்காகவே இவ்வுரிமை என்னும் தெளிவு அச்சட்டத்தை வகுத்தவர்களிடம் இருந்தது.

ஆண்டுகளை எண்ணித் தரும் உரிமை, ஆண்டுகளைத் தின்பவரிடம் எளிதில் தோற்கும். பயிர் வாடும் பருவத்தில் கடைமடைக்காரனுக்கு நீர் விடாமல் வாய்க்காலை அடைத்து வைத்துவிட்டு, அறுவடைக் காலம் கடந்தபின் மடையைத் திறந்து, உன் பங்கு நீரை நான் மறுக்கவில்லையே என்று சொல்லும் மேல்மடைக்காரனை நாம் அறிவோம். பெருநிறுவனங்களின் காப்புரிமை அரசியலில் பாதிக்கு மேல் இதுவே. எதிரியின் உரிமை பொய் என்று மெய்ப்பிக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை; அது முடியும் நாள்வரை பேசிக்கொண்டே இருந்தால் போதும்.

இதன் முழு வடிவத்தை ஒருவருடைய வாழ்க்கையில் காண வேண்டுமானால், எட்வின் ஹோவர்டு ஆம்ஸ்ட்ராங் என்னும் அமெரிக்கரின் வாழ்க்கையைக் காண வேண்டும். 1890இல் நியூயார்க்கில் பிறந்து, அருகிலுள்ள யாங்கர்சு நகரில் வளர்ந்து, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றவர். மாணவராக இருந்த 1912ஆம் ஆண்டிலேயே, வெற்றிடக் குழலில் பெருகி வரும் மின்குறியின் ஒரு பகுதியைத் திரும்ப அதன் வாயிலிலேயே செலுத்தி மீண்டும் மீண்டும் பெருக்கும் சுற்றமைப்பை அவர் கண்டார். அதுவரை செவிப்பொறியைக் காதோடு அழுத்திக்கொண்டு மூச்சடக்கிக் கேட்க வேண்டியிருந்த மெல்லிய குறிகள், அறை முழுதும் கேட்கத் தொடங்கின. அச்சுற்றமைப்புக்கு 1914 அக்டோபரில் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. முதற்போரில் படைத்துறைப் பணியாளராகப் பாரிசு நகரில் இருந்தபோது 1918இல் அவர் வகுத்த சூப்பர்ஹெட்டரோடைன் என்னும் ஏற்பி முறையே, அதன்பின் உலகெங்கும் செய்யப்பட்ட வானொலிப் பெட்டிகளுக்கு அடிப்படையாயிற்று. மூன்றாவதாக அவர் தந்ததுதான் நம்மூரில் வண்டியோட்டுநரும் தேநீர்க்கடைக்காரரும் நாள்தோறும் கேட்கும் பண்பலை.

இவ்வளவும் ஒருவர் தந்தது. அவருடைய அறிவைப் பற்றி ஐயம் எழுப்புவார் இல்லை. அவருடைய பண்பையும், அவரோடு மோதியவர்களின் பண்பையும் எடைபோடுவதே நம் வேலை.

முதல் வழக்கிலேயே அவரிடம் இருந்த ஒரு குறை வெளிப்பட்டது. வெற்றிடக் குழலில் மூன்றாம் மின்வாயைச் சேர்த்த லீ டி ஃபாரஸ்ட், அச்சுற்றமைப்பைத் தாமே முதலில் கண்டதாக உரிமை கோரினார். 1920களின் தொடக்கத்தில் நீதிமன்றங்கள் ஆம்ஸ்ட்ராங்கின் பக்கம் நின்றன. தோற்றவரிடம் பணமில்லை, வழக்குச் செலவைத் தள்ளுபடி செய்து விட்டுக்கொடுத்தால், தீர்ப்பு அன்றே முற்றுப்பெற்றிருக்கும். சுற்றியிருந்தோர் அவ்வாறே செய்யுமாறு சொன்னார்கள். அவர் இசையவில்லை. தோற்றவர் தோற்றதை உணர வேண்டும் என்பதே அவர் விருப்பமாக இருந்தது. யாங்கர்சில் தம் வீட்டில் உயர்த்தியிருந்த அலைவாங்கிக் கம்பத்தில், தம் காப்புரிமையின் எண்ணைப் பொறித்த கொடி ஒன்றையும் ஏற்றினார்; எதிரியின் வீட்டிலிருந்து பார்த்தால் அது தெரியும். வென்றவர் கொடியேற்றுவது இயல்பே என்று நினைக்கலாம். ஆனால் முடியாத வழக்குக்கு ஏற்றிய கொடி அது. இறுதித் தீர்ப்பு பதிவாகாத அந்த இடைவெளியில் டி ஃபாரஸ்ட் வேறு வழியில் வாதாடி, 1924இல் அதே பொருளுக்குத் தம் பெயரில் காப்புரிமை பெற்றார். 1928இலும் 1934இலும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர் பக்கமே நின்றது. பொறியாளர் பலர் நீதிபதிகள் பொருளைப் பிழையாக உணர்ந்தனர் என்றே கருதினர். கருதி என்ன பயன்? இரக்கத்தால் முடிந்திருக்க வேண்டிய வழக்கு, இரக்கமின்மையால் மேலும் பன்னிரண்டு ஆண்டு உயிர் பெற்றது.

இவ்வழக்கின் அடியில் வேறொரு கணக்கும் இருந்ததை மறத்தலாகாது. ஆம்ஸ்ட்ராங்கின் காப்புரிமை 1914இல் வழங்கியது, 1931இல் முடிந்துவிடும். டி ஃபாரஸ்டின் உரிமை 1924இல் வழங்கியது, 1941வரை செல்லும். இருவருடைய உரிமைகளும் விற்பனையாலும் நிறுவனங்களுக்கிடையே நடந்த உடன்படிக்கைகளாலும் ஏற்கெனவே பெருநிறுவனங்கள் பயன்படுத்தும் நிலையில் இருந்தன. அவர்களுக்கு உண்மையில் யார் கண்டார் என்பது பொருட்டன்று. யார் வென்றால் தனியுரிமை பத்தாண்டு கூடுதலாக நிற்கும் என்பதே பொருட்டு.

1934இல் பொறியாளர் மாநாடு ஒன்றில், முன்னர் தமக்கு வழங்கிய பதக்கத்தைத் திருப்பித் தர ஆம்ஸ்ட்ராங் முன்வந்தார். நீதிமன்றம் கண்டுபிடித்தவர் வேறொருவர் என்று சொன்னபின் அதை வைத்துக்கொள்வது தகாது என்பது அவர் எண்ணம். வானொலிப் பொறியாளர் கழகத்தார் அதை ஏற்க மறுத்து, பதக்கம் அவருக்கே உரியது என்று மீண்டும் உறுதி செய்தனர். உடன் தொழில் புரிவோரின் இந்த ஏற்பு, எந்தத் தீர்ப்பினும் உயர்ந்தது என்று நான் கருதுவேன். அவர் அவ்வாறு கருதினாரா என்பதில்தான் ஐயம். தகுதி உடையவர் தம் தகுதிக்குச் சான்றாக நீதிமன்ற முத்திரை ஒன்றை மட்டுமே நம்பத் தொடங்கினால், தம் அமைதியின் திறவுகோலை எதிரியின் கையில் கொடுத்தவர் ஆகிறார். எதிரி மேல்முறையீடு செய்யும்போதெல்லாம் அந்த அமைதி குலையும்.

இனி அவரோடு மோதிய மற்றொருவரைக் காண்போம். டேவிட் சார்னாஃப் இன்றைய பேலாரசு நாட்டின் மின்ஸ்க் நகருக்கு அருகில் ஒரு சிற்றூரில் 1891இல் பிறந்து, 1900இல் குடும்பத்தோடு நியூயார்க் வந்து, தெருவில் செய்தித்தாள் விற்றுப் பிழைத்த சிறுவர். 1906இல் மார்கோனி நிறுவனத்தில் ஏவலாளாகச் சேர்ந்தார். அமெரிக்க வானொலிக் கழகம் எனப் பொருள்படும் ஆர்.சி.ஏ. நிறுவனம் 1919இல் தோன்றியபோது அதில் இடம்பெற்று, 1930இல் அதன் தலைவரானார். அந்நிறுவனத்தின் வலிமை ஆலைகளில் மட்டும் இல்லை. ஜெனரல் எலக்ட்ரிக், வெஸ்டிங்ஹவுஸ், ஏ.டி.&டி. ஆகியவற்றின் காப்புரிமைகளையும் ஒன்றுதிரட்டி ஒரே கையில் வைத்திருந்ததில் இருந்தது. வானொலிப் பெட்டி செய்ய விழைந்தவர் யாராயினும் அவ்வாயிலில் நின்று உரிமத்தொகை செலுத்தியே உள்ளே செல்ல வேண்டும்.

இவ்விருவரும் பகைவராகத் தொடங்கவில்லை. 1914 சனவரி இறுதியில், நியூசெர்சியின் பெல்மார் கடற்கரையில் குளிர் ஊடுருவும் ஒரு கொட்டகையில் அமர்ந்து, ஆம்ஸ்ட்ராங்கின் பெட்டியில் தொலைதூரக் குறிகள் தெளிவாக வந்து விழுவதை இருவரும் விடியவிடியக் கேட்டார்கள். பின்னாளில் சார்னாஃபின் வீட்டுக்கு அவர் காலை வேளையில் வந்து செல்வார். பிள்ளைகள் அவரைக் காப்பிக்காரர் என்றே அழைத்தனர். 1922இல் அவருடைய மற்றொரு புனைவை ஆர்.சி.ஏ. 2,00,000 டாலரும் 60,000 பங்குகளும் தந்து வாங்கியது. அதன் வழியே அந்நிறுவனத்தில் தனியொருவர் கொண்டிருந்த பங்குகளில் அவருடையதே மிகுதி என்னும் நிலை ஏற்பட்டது. 1923இல் அவர் மணந்த மேரியன், சார்னாஃபின் செயலாளராக இருந்தவர். மணப்பரிசாக ஆம்ஸ்ட்ராங் தந்தது, கையில் எடுத்துச் செல்லத்தக்க ஒரு வானொலிப் பெட்டி.

அக்காலத்து வானொலிக்கு ஒரு தீராக் குறை இருந்தது. இடி மின்னல் வேளையில் பேச்சையும் இசையையும் விழுங்கும் கரகரப்பு அது. ஒலிக்கு ஏற்ப அலையின் உயரத்தை மாற்றி அனுப்புவதே அன்றைய முறை. மின்னலும் அலையின் உயரத்தையே கலைக்கும். எனவே இசை எது, இரைச்சல் எது என்று பெட்டியால் பிரிக்க இயலாது. அதை நீக்கும் ஒரு கருவியைச் சார்னாஃபும் விரும்பியிருந்தார். உயரத்தைத் தொடாமல் அதிர்வெண்ணை மட்டும் மாற்றி அனுப்பினால் என்ன என்னும் எண்ணம் முன்பே இருந்ததுதான். ஆனால் 1922இல் ஏ.டி.&டி. நிறுவனத்தின் ஜான் கார்சன் அதனால் நன்மை இல்லை என்று கணக்கிட்டுக் காட்டியிருந்தார். எல்லாரும் குறுகிய அலைப்பட்டையிலேயே சிந்தித்தபோது, ஆம்ஸ்ட்ராங் பட்டையை அகலப்படுத்திப் பார்த்தார், இரைச்சல் ஒழிந்தது. அதுவே பண்பலை. 1933 திசம்பர் 26 அன்று அதற்குரிய காப்புரிமைகள் வழங்கப்பட்டன. 17 ஆண்டு எண்ணத் தொடங்கியது அன்றிலிருந்து.

நண்பரிடமே முதலில் காட்டினார். ஆர்.சி.ஏ. தன் வசம் இருந்த எம்பயர் ஸ்டேட் மாளிகையின் 85ஆம் தளத்தை ஆய்வுக்கு அளித்தது; 1934இல் அங்கிருந்து அனுப்பிய ஒலி, ஏறத்தாழ 70 மைல் தொலைவிலும் தூய்மையாகக் கேட்டது. அடுத்த ஆண்டிலேயே, தொலைக்காட்சி ஆய்வுக்கு அவ்விடம் வேண்டும் என்று கூறிக் கருவிகளை அகற்றுமாறு நிறுவனம் கேட்டுக்கொண்டது. 1935 நவம்பர் 5 அன்று நியூயார்க்கில் பொறியாளர் அவையில் ஆம்ஸ்ட்ராங் தம் கட்டுரையைப் படித்து முடித்துப் பெட்டியை இயக்கினார். யாங்கர்சில் ஒரு நண்பரின் வீட்டிலிருந்து வந்த ஒலிபரப்பு அது. குவளையில் நீர் ஊற்றும் ஓசை வந்தது. தாளைக் கசக்கும் ஓசை வந்தது. கிழிக்கும் ஓசை வந்தது. அதுவரை வானொலியில் இவை எல்லாம் ஒரே இரைச்சலாகவே கேட்டு வந்தன. பின்னர்த் தம் சொந்தப் பணத்தில் நியூசெர்சியின் ஆல்பைன் என்னும் இடத்தில் 400 அடிக்கும் மேற்பட்ட கோபுரம் எழுப்பித் தாமே ஒலிபரப்பினார்.

இவ்விடத்தில் சார்னாஃபுக்கு நீதி செய்தாக வேண்டும். அவர் ஒரு நிறுவனத்தின் காவலர். பழைய முறையில் இயங்கும் நிலையங்களிலும் பெட்டிகளிலும் பெருஞ்செல்வம் முடங்கியிருந்தது. தொலைக்காட்சி கையெட்டும் தொலைவில் இருந்தது. இருப்பது ஒரு பணப்பை. பண்பலையை விடுத்துத் தொலைக்காட்சியைத் தெரிந்தெடுத்தது வணிகரின் உரிமை. அதற்காக அவரைப் பழிப்பவர்களோடு நான் உடன்படமாட்டேன். வேண்டாம் என்று சொல்ல எவருக்கும் உரிமை உண்டு. வேண்டாம் என்று சொல்லிவிட்டு எடுத்துக்கொள்ளத்தான் உரிமை இல்லை. 1941இல் வகுத்த அமெரிக்கத் தொலைக்காட்சித் தரத்தில் படத்தோடு செல்லும் ஒலி பண்பலையாகவே அமைந்தது. ஆர்.சி.ஏ. செய்த தொலைக்காட்சிப் பெட்டிகளிலும் அதுவே இருந்தது. புனைந்தவருக்குத் தொகை செல்லவில்லை. தன் ஆய்வாளர்கள் வேறு வழியில் அமைத்துக்கொண்டதாக நிறுவனம் கூறிற்று.

1940இல் ஒரு பேச்சு நடந்தது. மொத்தமாகப் பத்து இலட்சம் டாலர் தருகிறோம், அதன்பின் பெட்டிக்கு இவ்வளவு என்று கேட்கக்கூடாது என்றது ஆர்.சி.ஏ. ஆம்ஸ்ட்ராங் மறுத்தார். பிற நிறுவனங்கள் விற்பனையில் நூற்றுக்கு இரண்டு விழுக்காடு செலுத்தி வருகின்றன. அவற்றுள் சிறியனவும் உண்டு. பெரியவனுக்கு ஒரு விலை, சிறியவனுக்கு ஒரு விலை என்று வைக்க அவர் மனம் ஒப்பவில்லை. 1920களில் தோற்றவருக்கு விட்டுக்கொடுக்க மறுத்ததும், இப்போது வலியவருக்கு விட்டுக்கொடுக்க மறுத்ததும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரே பிடிவாதமாகத் தோன்றும். முன்னது செருக்கு, பின்னது நடுவுநிலை. ஒரே மனத்தின் ஒரே உறுதிதான் இரண்டையும் செய்தது என்பதே மனித இயல்பின் துயரம். தம் உறுதி எந்த இடத்தில் அறமாக நிற்கிறது, எந்த இடத்தில் தன்முனைப்பாகத் திரிகிறது என்று பிரித்தறியும் பயிற்சி அவருக்கு இல்லை. நம்மில் பலருக்கும் இல்லை.

போர்க்காலத்தில் அவர் தம் காப்புரிமைகளை நாட்டின் படைத்துறை விலையின்றிப் பயன்படுத்திக்கொள்ள இசைவளித்தார். போர் முடியும் தறுவாயில் அரசின் கை அவர்மேல் விழுந்தது. 42 முதல் 50 மெகாகெர்ட்சு வரை இயங்கிய பண்பலையை 88க்கும் 108க்கும் இடையே மாற்ற வேண்டும் என்று 1945இல் கூட்டரசுத் தகவல்தொடர்பு ஆணையம் முடிவு செய்தது. மேல்வானத்தில் பட்டுத் திரும்பும் அலைகளால் பழைய பட்டையில் இடையூறு நேரும் என்பது சொன்ன காரணம். அக்கணிப்பு பிழை என்று ஆம்ஸ்ட்ராங்கும் வேறு பொறியாளரும் வாதாடியும் பயனில்லை. ஏறத்தாழ ஐம்பது நிலையங்களும் மக்கள் வாங்கி வைத்திருந்த இலட்சக்கணக்கான பெட்டிகளும் பயனற்றுப் போயின. எல்லாவற்றையும் அடியிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. காப்புரிமையில் அப்போது எஞ்சியிருந்தவை ஐந்தரை ஆண்டு.

முடிவெடுத்த ஆணையத்தில் உறுப்பினராயிருந்து பின்பு அதன் தலைவருமான சார்லஸ் டென்னி, 1947இல் அப்பதவியை விட்டு ஆர்.சி.ஏ.வின் கிளையான என்.பி.சி.யில் துணைத்தலைவராகச் சேர்ந்தார். சட்டம் அதைத் தடுக்கவில்லை. கைக்கூலி பெற்றார் என்று யாரும் மெய்ப்பித்ததும் இல்லை. நானும் அவ்வாறு சொல்லேன். ஆனால் நடுவர் நாற்காலியிலிருந்து எழுந்து ஒரு தரப்பின் நாற்காலியில் அமர்பவர், முன்பு அளித்த முடிவுகள் அனைத்தின்மீதும் தம் நிழலை விழச் செய்கிறார். நேர்மையாக அளித்த முடிவும் அந்நிழலில் கறுத்தே தெரியும். பொதுப்பதவியில் இருப்பவர் குற்றம் செய்யாதிருப்பது மட்டும் போதாது என்று நம் முன்னோர் கருதியது இதனால்தான்.

1948 சூலையில் ஆம்ஸ்ட்ராங் ஆர்.சி.ஏ.மீது வழக்குத் தொடுத்தார். முறையான விசாரணைக்கு முந்திய வாக்குமூலப் பதிவிலேயே எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் அவரை ஏறத்தாழ ஓராண்டு வினவினார்கள். காலையில் வருவார், ஆவணம் ஒன்றைக் காட்டுவார்கள், இருபது ஆண்டுக்கு முந்திய குறிப்பேட்டின் ஒரு வரியைப் பற்றிக் கேட்பார்கள், மறுநாள் வேறொரு வரி. ஒவ்வொரு வினாவும் சட்டப்படி கேட்கத்தக்கதே. எல்லா வினாக்களும் சேர்ந்து என்ன செய்கின்றன என்று கேட்கும் அதிகாரம்தான் எவரிடமும் இல்லை. சார்னாஃபும் வாக்குமூலம் அளித்தார். பண்பலையை வளர்த்தெடுப்பதில் ஆம்ஸ்ட்ராங் உட்பட எவரையும்விடத் தம் நிறுவனங்களே மிகுதியாகச் செய்தன என்று, ஆம்ஸ்ட்ராங் அமர்ந்திருந்த அதே அறையில் அவர் சொன்னார். 1950 திசம்பரில் காப்புரிமை முடிந்தது. வழக்கு முடியவில்லை.

நம் மண்ணிலும் இக்கதையின் ஒரு கிளை உண்டு. இரு தீப்பொறிச் செருகிகள் கொண்ட வண்டிப்பொறி பற்றிப் பஜாஜ் நிறுவனத்துக்கும் ஓசூரில் ஆலை கொண்ட டி.வி.எஸ். நிறுவனத்துக்கும் 2007இல் எழுந்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்தது. இடைக்காலத் தடை வேண்டுமா வேண்டாவா என்பதிலேயே ஆண்டுகள் கழிவதைக் கண்ட உச்ச நீதிமன்றம், இத்தகைய வழக்குகளை நாள்தோறும் விசாரித்து நான்கு மாதங்களுக்குள் முடிக்க வேண்டும் என்று 2009 செப்டம்பரில் அறிவுறுத்தியது. அறிவுரை நல்லது. அவ்வழக்கோ பத்தாண்டுக்கு மேல் சென்று, 2019இல் இரு தரப்பும் தமக்குள் இணங்கியபோதுதான் ஓய்ந்தது. ஆப்பிளும் சாம்சங்கும் 2011 முதல் 2018 வரை பொருதியதும் இவ்வகையே. ஒத்த வலிமையுடைய இரு நிறுவனங்கள் இவ்வாறு காலம் போக்கினால் பணம்தான் போகிறது. எவர் வீட்டிலும் அடுப்பு அணைவதில்லை. ஒரு பக்கம் நிறுவனமும் மறுபக்கம் மனிதரும் நிற்கும்போது கணக்கு வேறு. நிறுவனத்துக்கு முதுமை இல்லை. அதன் வழக்கறிஞர் ஓய்வு பெற்றால் வேறொருவர் வருவார். மனிதருக்கு ஐம்பத்தெட்டு வயது, அறுபது வயது, அறுபத்திரண்டு வயது என்று ஏறிக்கொண்டே போகிறது.

அந்த ஆண்டுகளில் ஆம்ஸ்ட்ராங்கின் செல்வம் வழக்கில் கரைந்தது. பேச்சு, உறக்கம், உணவு எல்லாம் வழக்காயின. 1953 நவம்பரில், மனைவியோடு ஏற்பட்ட ஒரு வாக்குவாதத்தில், கணப்படுப்புக் கோலை எடுத்து அவர் கையில் அடித்துவிட்டார். முப்பது ஆண்டு உடன் வாழ்ந்த மேரியன் தம் சகோதரி வீட்டுக்குச் சென்றார். இதை மறைத்து அவரைத் தெய்வமாக்கி எழுதுவோர் உண்டு. எனக்கு அது உடன்பாடன்று. அநீதிக்கு ஆளானவர் என்பதால் ஒருவர் தம் வீட்டாரிடம் அநீதி செய்ய உரிமை பெறுவதில்லை. வெளியில் வாங்கிய அடியை உள்ளே திருப்பித் தருவது எல்லா நாட்டிலும் வலியற்ற ஆடவர் செய்யும் இழிசெயல். சார்னாஃப் அவருடைய காலத்தைக் கவர்ந்தார் எனின், மேரியனின் காலத்தைக் கவர்ந்தவர் யார்? கணவரின் வழக்கைத் தவிர வேறெதற்கும் இடமில்லாத ஓர் இல்லத்தில் அவரும்தான் அத்தனை ஆண்டுகள் இருந்தார். கவரப்பட்டவர் தம்மை அறியாமலே கவர்வோராக மாறுவது இத்தீமையின் இயல்பு. அது வலியவரிடம் தொடங்கி, எதிர்த்துப் பேச இயலாத ஒருவரிடம் போய் நிற்கும்.

1954 சனவரி 31 அன்று, தனித்திருந்த இல்லத்தில், ஆம்ஸ்ட்ராங் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். பெல்மார் கொட்டகையில் இருவரும் விழித்திருந்த இரவிலிருந்து நாற்பது ஆண்டு ஆகியிருந்தது. அடக்கச் சடங்குக்குச் சார்னாஃப் வந்திருந்தார். அவர் கலங்கினார் என்று கண்டவர்கள் எழுதியிருக்கிறார்கள். அக்கலக்கத்தை நான் நடிப்பு என்று சொல்லமாட்டேன். நண்பரைக் கொல்ல வேண்டும் என்று அவர் ஒருநாளும் எண்ணியிருக்கமாட்டார். ஒவ்வொரு நாளும் இன்னும் ஒரு நாள் பொறுக்கட்டும் என்று மட்டுமே எண்ணியிருப்பார். இத்தகைய தீமையில் குற்றவாளிக்குத் தன் குற்றம் தெரியாததற்குக் காரணம் இதுவே. செயல் எதுவும் செய்யவில்லை. செய்ய வேண்டியதைத் தள்ளிப்போட்டார். அலுவலகத்தில் ஓய்வூதியக் கோப்பை மேசையில் வைத்திருப்பவரும், வேலை முடித்த கொத்தனாருக்கு அடுத்த கிழமை வா என்பவரும், பாகப்பிரிவினைக்குக் கையொப்பமிடாமல் தங்கையை அலையவிடும் தமையனும் இரவில் நிம்மதியாக உறங்குவது இதனால்தான்.

மேரியன் என்ன செய்தார் என்பது பலரும் விரைந்து கடந்து செல்லும் பகுதி. அவரே உரிமையாளராக நின்று, அதே ஆண்டு திசம்பரில் ஆர்.சி.ஏ.வோடு பத்து இலட்சம் டாலருக்குச் சற்று மிகுந்த தொகைக்கு உடன்பட்டார். 1940இல் கணவர் மறுத்த தொகைக்கு ஏறத்தாழ ஈடானது அது. கணவரின் கொள்கையை விட்டுக்கொடுத்தார் என்று சிலர் குறை கூறுவர். அவர் தம் கையில் எது இருக்கிறது, எது இல்லை என்று கண்டவர் என்பதே என் முடிவு. பெரிய எதிரியோடு இருந்த கணக்கைத் தீர்த்துவிட்டு, அத்தொகையை ஊன்றுகோலாகக் கொண்டு, பண்பலையைத் தொகை தராமல் பயன்படுத்திய மற்ற நிறுவனங்கள் ஒவ்வொன்றையும் நீதிமன்றத்தில் சந்தித்தார். ஆரவாரம் இல்லை, கொடி இல்லை. ஒன்றன்பின் ஒன்றாக எல்லா வழக்குகளும் அவர் பக்கமே முடிந்தன. பண்பலையைப் புனைந்தவர் ஆம்ஸ்ட்ராங் என்பதும் அவற்றால் நிலைபெற்றது. மோட்டரோலாவோடு நடந்த கடைசி வழக்கு முடிந்த ஆண்டு 1967. காப்புரிமையின் முழு ஆயுள் 17 ஆண்டு; அது காலாவதியான பின்னும் அதன்மேல் வழக்கு நடந்தது ஏறத்தாழ 17 ஆண்டு.